இங்கிலீஷ்காரி காட்டின தடம்

நீ உக்காரு அம்மிணி, எந்திரிக்க வேண்டாம். பையை மட்டும் இப்படித் தள்ளு, நான் ஒரு ஓரமா ஒண்டிக்கறேன். எங்க எறங்கோணும் நீ? பழனியா? அப்பச் சரி. நான் உனக்கு முந்தியே எறங்கிருவேன்.

டிரைவர் இந்த ரோட்டுக்குப் புதுசு போல. இப்ப ஒரு வளைவு வரும் பாரு, அதுல ஒரு வேகத்தடை இருக்கு, வெள்ளைக்கோடு அழிஞ்சு போச்சு, தெரியாது. பார்த்தயா? தூக்கிப் போட்டுச்சா? முன்னாடி உக்காந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்.

எனக்கு இந்தப் பக்கத்துத் தடமெல்லாம் மனப்பாடம் அம்மிணி. பெருமைக்குச் சொல்லலை. எங்கூட்டுக்காரரு போர்வெல் மோட்டார் கம்பெனிக்கு ஏஜெண்ட்டு. பல்லடத்துல எங்க வீடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்னு தோட்டம் தோட்டமாப் போய் மோட்டார் பார்க்கோணும். எங்களுக்குக் கொழந்தை இல்லை. காலையில அவரு போனா, வீட்டுல நான் யார் மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறது? அதனால நானும் கார்ல ஏறிக்குவேன். பதினெட்டு வருசம். அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்து தடம் சொல்லுவேன். 'இங்க சோத்தாங்கை பக்கம் திரும்புங்க, தண்ணித் தொட்டி வரும், அதைத் தாண்டி ரெண்டாவது இட்டேரித் தடம்.' அவருக்குத் தடமே நிக்காது அம்மிணி. நூறு தடவை போன ஊருக்கும் முக்குல நின்னு என்னையத்தான் பார்ப்பாரு.

கார்ல ஏறிட்டா அவரு எப்படி இருப்பாருங்கற? வாயே பேச மாட்டாரு. உம்முன்னு வருவாரு. நான்தான் பேசிட்டு வருவேன். 'மெதுவா', 'ஹாரன் அடிங்க', 'அந்த லாரிக்காரனை விடுங்க', 'கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு.' ஒருத்தரு பேசாட்டி இன்னொருத்தரு பேசித்தானே ஆகோணும்?

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அந்த ஆடி மாசம் கம்பெனி மேனேஜர் வந்தாரு, கோயமுத்தூர்ல இருந்து. அவரைப் பின்சீட்டுல உக்கார வெச்சு வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஒரு முக்குல எங்கூட்டுக்காரரு நேரா போயிட்டாரு. நான் சொன்னேன், 'எத்தனை தடவை சொல்றது? ஒரு தடவையாவது சொன்ன எடத்துல திரும்பியிருக்கீங்களா? வண்டிக்கு ஸ்டியரிங் எதுக்கு வெச்சிருக்கறாங்க?' மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. 'நாச்சிமுத்து, பேசாம ஏஜென்சியை உங்க சம்சாரம் பேருக்கு மாத்திடலாமா?'ன்னாரு. எனக்கு ஒரே பெருமை. நான் அன்னைக்கு ராத்திரிகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஒரம்பரை சனம் வந்தா அவங்ககிட்டயும் சொல்லுவேன். எங்கூட்டுக்காரரு மட்டும் சிரிக்கலை. அவருக்கு வேடிக்கைப் பேச்சு புரியாது.

அதுக்கப்பறம் பத்து நாள் இருக்கும். சாப்பிட்டுட்டு இருக்கறப்ப சொல்றாரு, 'காருக்கு ஜிபிஎஸ் போடலாம்னு இருக்கறேன்.' இப்ப எல்லாம் போன்லயே வருது. அப்ப எங்ககிட்ட இருந்தது பட்டன் போனு, தனியா ஒரு பெட்டி வாங்கி மாட்டோணும்.

'அது எதுக்கு?'ன்னேன்.

'தடம் சொல்லும்.'

'தடம் சொல்ல நான் இல்லையா?'

அவரு தட்டுல மோரை ஊத்திக்கிட்டாரு.

மூணு வாரம் அதே நெனப்பு. பேப்பர்ல வர்ற விளம்பரத்தை எல்லாம் கத்திரிச்சு வெச்சுக்குவாரு. மோட்டார் வாங்க வர்றவங்க யாராச்சும் கார்ல போட்டிருந்தா, வேலையை விட்டுட்டு அவங்க கார்ல போய் உக்காந்துக்குவாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறப்பகூட இத்தனை பார்த்திருக்க மாட்டாரு.

கோயமுத்தூர்ல ஒரு கடை. கார் சாமான் எல்லாம் விக்கறாங்க. ஜபருல்லான்னு ஒருத்தரு, நாப்பது வயசு இருக்கும், பேச்சு தன்மையா இருந்துச்சு. மேசை மேல மூணு வெச்சாரு. ஒண்ணு, முன்னாடி கண்ணாடியில ரப்பர் குப்பியை அமுக்கி ஒட்டறது. இன்னொண்ணுக்கு அடியில மணல் பை மாதிரி கனமா இருக்கு, டேஷ்போர்டு மேல சும்மா உக்காந்துக்கும். மூணாவது பெருசு. டேப் ரெக்கார்டர் இருக்கற ஓட்டையில, அதைக் கழட்டிப்போட்டு, உள்ளயே பதிச்சு வெக்கறது.

நான் சொன்னேன், 'அந்த ஒட்டறதை வாங்கிக்குவோம். வேண்டாம்னா எடுத்துரலாம்.'

ஜபருல்லாவும் நல்லதுதான் சொன்னாரு. 'அக்கா சொல்றது சரிண்ணா. ஒட்டறது வேற வண்டிக்கும் ஆகும். ஆனா மத்தியான வெயில்ல நின்னா ரப்பர் இளகிக் கீழ விழுகும். திருப்பி ஒட்டிக்கோணும்.'

'விழுகறது வேண்டாம்,'ன்னாரு இவரு. 'பதிக்கறதைப் போடுங்க. எடுக்கவே முடியாத மாதிரி.'

எடுக்கவே முடியாத மாதிரி! கேட்டயா?

அந்தக் கார் டேஷ்போர்டுல நான் ஒரு வாட்டர் பாட்டில் வெச்சா, கீறல் உழுகும்னு எடுத்துக் கீழ வெக்கறவரு அவரு. அன்னைக்கு ஜபருல்லா பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒண்ணை விட்டு நெம்பி, சுத்தியிருந்த சட்டத்தைக் கழட்டி, நாலு ஸ்க்ரூவை எடுத்து, டேப் ரெக்கார்டரை வெளிய இழுத்தாரு. பின்னாலேயே கலர் கலரா ஒயர். ஓட்டை கொஞ்சம் பத்தலை. 'அண்ணா, ஓரத்தை அரத்துல ராவோணும், பரவாயில்லையா?'ன்னாரு. 'ராவுங்க'ன்னாரு. பிளாஸ்டிக் தூள் சீட்டெல்லாம் உழுகுது, இவரு பக்கத்துலயே நின்னு டார்ச் அடிச்சுக் காட்டறாரு.

அப்பறம் ஏரியல் வெக்கோணும்னாங்க. தீப்பெட்டி அளவு கறுப்பா ஒண்ணு, அதுதான் மேல இருந்து நம்ம இருக்கற எடத்தைக் கண்டுபிடிக்குமாம். கண்ணாடிக்குக் கீழ இடது ஓரமா ஒட்டி, ஒயரை என் முழங்காலுக்கு முன்னாடி இருக்கற டப்பாவுக்குப் பின்னால விடோணும். 'அக்கா, சித்த எறங்கிக்கறீங்களா?'ன்னாரு. எறங்கினேன். ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன். பதினெட்டு வருசம் நான் உக்காந்த எடத்துல அந்த மனுசன் மல்லாந்து படுத்துட்டு ஒயர் முறுக்கறாரு.

கடைசியாப் பெட்டியை உள்ள தள்ளி, இரும்புச் சட்டத்துல நாக்கு நாக்கா இருக்கறதை ஸ்க்ரூடிரைவர்ல மடிச்சு விட்டாரு. ஆட்டிப் பார்த்தாரு, அசையலை. அப்பறம் கேட்டாரு, 'அண்ணா, திரையை அக்கா பக்கமாக் கொஞ்சம் சாய்ச்சு வெக்கட்டுங்களா? ஓட்டறப்ப நீங்க பார்க்க வேண்டாம், அவங்க பார்த்துச் சொல்லுவாங்க.'

எங்கூட்டுக்காரரு சொன்னாரு, 'வேண்டாமுங்க. என் பக்கமே இருக்கட்டும்.'

வெளியாளு முன்னாடி அம்மிணி. அந்த ஜபருல்லா என்னைய ஒரு பார்வை பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனி என் வாயில இருந்து தடம் வராது. 'லெஃப்ட்டு'ன்னு ஒரு சொல்லு வராது.

அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவ பேசறது இங்கிலீஷ்ல. பொம்பளைக் கொரலு. எங்கூட்டுக்காரருக்கு இங்கிலீஷ் அவ்வளவாத் தெரியாது, லெஃப்ட் ரைட் போதுமல்ல? அவ சொல்லுவா, இவரு 'சரிம்மா'ம்பாரு. சத்தியமாச் சொல்றேன். 'சரிம்மா.' எனக்கு ஒரு நாள் சொன்னதில்லை. இவரு தப்பாத் திரும்பினா அவ திட்டறதில்லை, 'ரீகால்குலேட்டிங்'னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு, அங்கிருந்து எப்படிப் போறதுன்னு மறுபடியும் சொல்லுவா. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே என்கிட்டச் சொல்றாரு, 'பாரு தெய்வானை, தப்பாப் போனாலும் கோவிச்சுக்கறதே இல்லை.' மிசினுக்குக் கோவம் வருமா? அதைப் போய் ஒரு குணமாட்டம் சொல்றாரு.

பாட ஆரம்பிச்சாரு அம்மிணி. பதினெட்டு வருசமா உம்முன்னு வந்தவரு, ஸ்டியரிங்ல தாளம் போட்டுட்டுப் பாடறாரு.

அவளுக்குத் தெரிஞ்ச லட்சணமும் பார்த்தேன். ஒரு தடவை தென்னந்தோப்புக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டா. முன்னாடி கெணறு. எனக்குச் சந்தோசம், இன்னைக்கோட அவ கதை முடிஞ்சுதுன்னு. இவரு சிரிச்சாரு. சிரிச்சுட்டு ரிவர்ஸ் எடுத்தாரு. அதே தப்பை நான் பண்ணியிருந்தா? நான் பண்ணியிருக்க மாட்டேன், அது வேற.

நாலு மாசம் நான் வாயே தொறக்கலை. கார்த்திகை மாசம். நல்ல மழை அந்த வருசம்.

எங்கூட்டுக்காரருக்கு ஒரே அக்கா. நான் நங்கையான்னு கூப்பிடுவேன். ஆத்துக்கு அக்கட்ட, புளியம்வலசுல கட்டிக் குடுத்திருந்தாங்க. இவருக்கு ரெண்டு வயசா இருக்கறப்பவே அம்மா தவறிட்டாங்க, அந்த அக்காதான் இடுப்புல தூக்கி வளர்த்துச்சு. இவரு யாருக்காவது பணிஞ்சு போவாருன்னா அந்த அக்காளுக்குத்தான். நல்ல மனுசி. நான் குறை சொல்ல மாட்டேன். நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு ஆறு மாசமாப் படுக்கைதான். ஆனா போன்ல நல்லாப் பேசும். வாரத்துக்கு ரெண்டு தடவை எனக்குத்தான் பேசும், அவருக்கு இல்லை. 'தம்பி பேசினா அழுதுருவான், நீ சொல்லிரு'ம்பாங்க.

ஒரு திங்கக்கிழமை காலையில பதினொரு மணிக்கு மருமகப் பையன் செல்வகுமாரு, நங்கையாவோட மகன், போன் பண்ணினான். அம்மா போயிட்டாங்கன்னான். நாலு மணிக்கு எடுக்கறதா இருக்குது, பொறந்த வீட்டுக் கோடி வந்துரோணும்னான்.

உனக்குத் தெரியுமல்ல? கட்டிக் குடுத்த பொண்ணு செத்தா, கூடப் பொறந்தவன் சீலை கொண்டாந்து மேல போத்தோணும். அதுதான் பொறந்த வீட்டுக் கோடி. அதுக்கு அப்பறம்தான் எடுப்பாங்க.

இவரு அழுகலை. நேரா ஜவுளிக்கடைக்குப் போனாரு. பச்சைச் சீலைதான் வேணும்னு நாலு கடை ஏறி எறங்கினாரு. அக்காளுக்குப் பச்சை புடிக்குமாம். நாங்க கெளம்பறப்ப ஒண்ணரை மணி. அதுக்கென்ன, ஒண்ணரை மணி நேரத் தடம்தான், தாராளமாப் போயிரலாம்.

புளியம்வலசுக்கு ரெண்டு தடம் இருக்குது அம்மிணி. ஆத்துல தரைப்பாலம் ஒண்ணு, அது குறுக்கு. இல்லாட்டித் தாராபுரம் போய்ப் பெரிய பாலம் ஏறிச் சுத்தி வரோணும், அது முப்பது கிலோமீட்டர் சேத்தி. ரெண்டும் பிரியற முக்குல ஒரு ஆலமரம். அங்க வந்தோம். அவ சொன்னா, லெஃப்ட்டுன்னு. லெஃப்ட்டுன்னா தரைப்பாலம்.

இவரு வண்டியை நிறுத்தினாரு. சீலைப் பையை மடியில வெச்சிருந்தாரு, ஓட்டறப்பவும் மடியிலதான். என்னையத் திரும்பிப் பார்த்தாரு. நாலு மாசத்துல முதல் தடவை.

'ஏந் தெய்வானை, மழை பேஞ்சிருக்கே. தரைப்பாலத்துல போயிரலாமா?'

நான் முன்னாடி பார்த்துட்டே சொன்னேன், 'அவளையே கேளுங்க.'

பையை மடியில சரி பண்ணிக்கிட்டாரு. அப்பறம் லெஃப்ட்டுல திருப்பினாரு.

என்ன பார்க்கற? கேட்டாருதான். கேக்கலைன்னு நான் சொல்லலையே. எப்படிக் கேட்டாருன்னு பாரு! நாலு மாசம் எங்க போச்சு அந்த வாயி? அவளுக்குச் 'சரிம்மா', எனக்கு ஆபத்துக்கு மட்டும் தெய்வானையா?

பதினாலு கிலோமீட்டர் போனோம். ரோட்டுல எதுக்க ஒரு வண்டி வரலை. நான் பார்த்துட்டேதான் வந்தேன், ஒரு வண்டி வரலை. இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். மறுபடி ஒரு தடவை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் அம்மிணி.

ஆத்தங்கரைக்கு வந்தா பாலம் இல்லை. நடுவுல நாலு கண்ணு அளவுக்கு அடிச்சுட்டுப் போயிருச்சு. செங்கல் கலருல தண்ணி ஓடுது. கரையில முள்ளை வெட்டிப் போட்டு மறிச்சிருந்தாங்க. எங்கூட்டுக்காரரு எறங்கி அந்த முள்ளுகிட்டப் போய் நின்னாரு. அக்கட்ட ஊரு தெரியுது. நங்கையா வீட்டுத் தென்னை மரம் தெரியுது. எழவுக்குத் தப்பு அடிக்கறது கேக்குது, காத்து இக்கட்டதான் அடிச்சுச்சு, நல்லாக் கேட்டுச்சு. பையைக் கையில புடிச்சுட்டு அந்த மனுசன் தண்ணியையே பார்க்கறாரு. எறங்கிருவாரோன்னு எனக்குப் பயமாயிருச்சு. உள்ள இருந்து அவ சொல்லிட்டே இருக்கறா, நேராப் போ, நேராப் போன்னு.

திரும்பறப்ப சேத்துல டயர் இறங்கிருச்சு. அக்கம்பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஆளு கூட்டியாந்து தள்ளறதுக்கு முக்கால் மணி நேரம். பதினாலு திரும்பி வந்து, ஆலமரத்து முக்குல இருந்து தாராபுரம் போய், பெரிய பாலம் ஏறி, புளியம்வலசு போய்ச் சேர்றப்ப அஞ்சரை. வாசலைக் கழுவி விட்டிருந்தாங்க.

செல்வகுமாரு ஈரத் துணியோட வந்தான், மொட்டைத் தலையோட. 'மாமா, நாலரை மணி வரைக்கும் வெச்சிருந்தோம். உங்களுக்குப் போன் போட்டா எடுக்கவே இல்லை. பொழுது உழுகறதுக்குள்ள எடுக்கோணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. பங்காளி வீட்டு அண்ணன் ஒருத்தரு கோடி போட்டாரு.' போனு கார்லயே கெடந்துச்சு, சேத்துல தள்ளினப்ப.

'தரைப்பாலம் போயிருச்சுப்பா, தெரியலை,'ன்னாரு இவரு. 'அந்தப் பக்கம் போயிட்டோம்.'

அந்தப் பையன் ஒண்ணும் நெனச்சுச் சொல்லலை. சின்ன வயசுல இருந்து என் கையில சோறு வாங்கித் தின்ன பையன். அழுத கண்ணோட என்னையப் பார்த்துச் சொல்றான், 'அத்தைக்குத் தெரியுமே மாமா. வியாழக்கிழமை போன்ல அம்மா சொன்னாங்களே, பாலம் போச்சு, தம்பி வந்தா சுத்தி வரச் சொல்லுன்னு. நான்தானே போனைக் காதுல புடிச்சுட்டு இருந்தேன்.'

ஆமா அம்மிணி. சொன்னாங்க. வியாழக்கிழமை சொன்னாங்க.

மறந்து போச்சுன்னு சொல்லியிருக்கலாம். எங்கூட்டுக்காரரு என்னையப் பார்த்தாரு. கோவமா ஒரு வார்த்தை சொல்லுவாரு, அடிக்கக்கூடச் செய்வாருன்னு பார்த்தேன். அத்தனை சனம் நின்னுச்சு. பையை எடுத்துட்டு மயானத்துக்கு நடந்தாரு. பொம்பளைங்க அங்க போறதில்லை, செல்வகுமாருதான் பின்னால சொன்னான். பொதைச்சு முடிச்ச ஈர மண்ணு மேல அந்தப் பச்சைச் சீலையை மடிப்புக் கலைக்காம விரிச்சாராம். நாலு மூலைக்கும் கல்லு வெச்சாராம்.

திரும்பி வர்றப்ப மிசினை அணைச்சுட்டாரு. ஊரைத் தாண்டினதும் ஒரு முக்கு. அவரு முப்பது வருசமா வந்து போற முக்கு. வண்டியை நிறுத்திட்டு, 'எப்படிப் போகோணும்?'னாரு.

'சோத்தாங்கை பக்கம்'னேன். திருப்பினாரு. அடுத்த முக்கு. நிறுத்தினாரு. 'நேரா'ன்னேன். போனாரு. வீடு வர்ற வரைக்கும், ஒவ்வொரு முக்குலயும். எங்க தெரு முனையிலயும் நிறுத்திட்டு என் வாயைப் பார்த்தாரு. 'இங்கதான்'னு சொன்னேன். அவரு இஞ்சினை அணைச்சுட்டு, சாவியை எடுத்துட்டு உள்ள போயிட்டாரு.

மூணு வருசம் ஆச்சு. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லை. சாப்பாடு போட்டாச் சாப்புடறாரு. 'உப்பு பத்துமா'ன்னா 'பத்தும்'பாரு. காருல மட்டும் என்னைய ஏத்தறதில்லை. நான் கதவுகிட்டப் போய் நின்னா, எறங்கி வீட்டுக்குள்ள போயிருவாரு. அவ இன்னும் அங்கயேதான் இருக்கறா. தொடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கறாரு.

பொய் சொன்னது அவ. பாலம் இல்லாத எடத்துல போன்னு சொன்னது அவ. நான் ஒரு பொய்யும் சொல்லலை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அவ மேல இல்லாத கோவம் என் மேல என்ன?

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. சரி விடு.

இன்னைக்கு நங்கையாவுக்கு வருசத் திதி. அவரு காலையிலயே காருல வந்துட்டாரு. இப்ப அந்தத் தரைப்பாலம் இருந்த எடத்துலயே புதுப் பாலம் கட்டிட்டாங்க, உசரமா, பஸ்சே போகுது. நான் பாலத்துக்கு இக்கட்டயே எறங்கிக்குவேன். அக்கட்ட எறங்கினா பஸ்காரன் நங்கையா வீட்டு வாசல்லயே விடுவான், தெரியும். நான் போய் நின்னா அவரு எலையில இருந்து எந்திரிச்சுருவாரு. போன வருசம் அப்படித்தான் ஆச்சு, பாதிச் சோத்துல. அவரு சாப்பிட்டு முடிச்சுட்டு வரட்டும். இங்க ஒரு நிழற்குடை இருக்குது, அதுல உக்காந்திருந்தா காரு பாலத்துல வர்றது தெரியும். அது என்னையத் தாண்டிப் போனதும் நான் பாலத்துல நடந்து நங்கையா வீட்டுக்குப் போயிக்குவேன்.

இதுதான். கண்டக்டரைக் கூப்புடு அம்மிணி, நிறுத்தச் சொல்லு.